கைம்மாறும் உவகையும்: 'தன்னலமற்ற' என்னும் அடை குறித்து

முற்றிலும் தன்னலமற்ற உதவி உலகில் உண்டா என்னும் வினா மெய்யியலாருக்கே உரியதாகக் கருதப்பட்டு வருகிறது. எனினும் அவ்வினாவின் சிக்கலில் ஒரு பகுதி 'தன்னலமற்ற' என்னும் அடைமொழிக்குள்ளேயே கிடக்கிறது. மேலை அறநூல்களைத் தமிழாக்குவோர் இச்சொல்லையும், சங்கப் பாடல்களைப் பிறமொழிகளில் பெயர்ப்போர் இதற்கு நிகரானவற்றையும் தயக்கமின்றிக் கையாளுகின்றனர். அதனால் மூலத்தில் இல்லாததொரு கருத்து உள்ளே புகுந்துவிடுகிறது.

'தன்னலம்' என்னும் தொகை இருவகையாக விரியும். தன் நலத்தை நாடுதல் என்பது ஒன்று. தனக்கு நலம் விளைதல் என்பது மற்றொன்று. முன்னது நோக்கம், பின்னது விளைவு. 'அற்ற' என்னும் எதிர்மறை சேரும்போது இவ்விரண்டும் ஒருசேர மறுக்கப்படுகின்றன. விளைவாகச் சிறிது மனநிறைவு பெற்றவனும் தன்னலக்காரனாகிவிடுகிறான். 'உதவினான், மகிழ்ந்தான்' என்னும் நிகழ்ச்சி வரிசை, 'மகிழ்வதற்காக உதவினான்' என்னும் நோக்கத் தொடராக ஓசையின்றி மாறிவிடுகிறது. ஜோசப் பட்லர் 1726இல் வெளியிட்ட சமய உரைகளிலேயே இம்மயக்கத்தைச் சுட்டியுள்ளார். பிறர் நலத்தின்மீது நாட்டம் முன்பே இருந்தாலன்றி, அது நிறைவேறும்போது இன்பம் பிறக்க வழியில்லை என்பது அவர் வாதம். உளவியலாளர் டேனியல் பேட்சன் 1991இல் வெளியிட்ட நூலிலும் இறுதி நோக்கமும் நாடாமல் வந்தடையும் பயனும் பிரித்தே பேசப்படுகின்றன. அந்நூலைத் தமிழாக்க முனைபவர் இரண்டிற்கும் 'தன்னலம்' என்று எழுதினால் நூலின் வாதமே சிதைந்துவிடும்.

பழந்தமிழில் இவ்வேறுபாடு சொல்லமைப்பிலேயே காணப்படுகிறது. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் புறநானூற்றுப் பாடல் (182), பிறர்பொருட்டு முயல்வோர் இருப்பதால்தான் உலகம் நிலைபெற்றிருக்கிறது என்கிறது. அங்கு அமைந்த சொல்வடிவங்கள் 'தமக்கென', 'பிறர்க்கென' என்பன. நான்காம் வேற்றுமையுருபு மட்டும் நின்றிருந்தால் பயன் யாரைச் சேர்கிறது என்பதோடு பொருள் நின்றிருக்கும். 'என' என்னும் இடைச்சொல் செய்வோனின் எண்ணத்தை உட்கொணர்கிறது. 'எனக்கென்று ஒரு வீடு' என்று இன்று நாம் கூறும்போதும் இதே பொருள்நுட்பம் உள்ளது. ஆகவே புலவர் மறுப்பது தமக்கென முயலும் முயற்சியை. தமக்கு ஏதும் வாராமையை அவர் வற்புறுத்தவில்லை.

இன்னும் கூர்ந்து நோக்க வேண்டியது அதே பாடலில் வரும் புகழ் பற்றிய கருத்து. இச்சான்றோர் புகழ் கிடைக்குமெனின் உயிரையும் தருவர், பழி வருமெனின் உலகம் முழுவதும் கிடைப்பினும் கொள்ளார் என்கிறார் புலவர். இங்குப் புகழை நோக்கமாகவே கொள்ள வேண்டியுள்ளது. விளைவு என்று கூறித் தப்ப இயலாது. பேட்சனின் அளவுகோலில் இவர்கள் தேறமாட்டார்கள். 'தன்னலமற்ற' என்னும் பொருளில் ஒரு சொல்லைப் பெய்து இப்பாடலை மொழிபெயர்ப்பவர், சில அடிகளுக்குள் தாமே தம்மை மறுக்க நேரிடும். திருக்குறளிலும் ஒப்புரவறிதல், ஈகை ஆகிய அதிகாரங்களை அடுத்துப் புகழ் நிற்கிறது. நான்கு சொற்கள் இங்கு வேறுபடுத்தி அறியத்தக்கவை: கைம்மாறு, மறுமைப் பயன், உவகை, புகழ். மழைக்கு உலகம் திருப்பிச் செய்வது யாது என்னும் கருத்தின்வழி வள்ளுவர் கைம்மாற்றை விலக்குகிறார். மேலுலகம் இல்லையெனினும் ஈதலே நன்று என்பதால் மறுமைப் பயனும் கொடைக்கு இன்றியமையாததன்று. ஆனால் ஈந்து மகிழும் இன்பத்தை அவர் விலக்கவில்லை; அதை அறியாமல் பொருளைச் சேர்த்து வைத்து இழப்போரைக் கண்டு இரங்குகிறார்.

ஆய் அண்டிரனைப் பற்றி முடமோசியார் பாடியதும் (புறம். 134) இத்தகையதே. இம்மையில் கொடுத்து மறுமையில் பெறும் வணிகன் அல்லன் ஆய் என மறுத்தபின், காரணமே இல்லை என்று அவர் கூறவில்லை. சான்றோர் சென்ற நெறியைக் காரணமாகக் காட்டுகிறார். தன்னலமின்மை காரணமின்மை அன்று.

மொழிபெயர்ப்பாளர் சிலர் ஒப்புரவு, ஈகை, கொடை, தானம் ஆகியவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வதும் ஏற்கத்தக்கதன்று. ஈ, தா, கொடு ஆகிய வினைகளை முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் ஆகியோரின் இரத்தற் கூற்றுகளாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. 'ஈகை'யில் அந்த மேல்கீழ் நிழல் படிந்துள்ளது. 'ஒப்புரவி'ல் அஃது இல்லை. போப் தம் 1886ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் ஒப்புரவறிதலுக்கு, ஒருவன் தன் நிலைக்குத் தக்கதை அறிதல் என்னும் பொருளில் தலைப்பிட்டார். அருளுணர்ச்சி அதில் இல்லை எனக் குறைகூறலாம். எனினும் உலகநடை அறிதல் எனக் கொண்ட பரிமேலழகர் உரைக்கு அது பிற்காலத்தாரின் உருக்கமான சொற்களைவிட நெருக்கமானது என்பது என் கருத்து.

சட்டத் தமிழிலும் இச்சிக்கல் எழுகிறது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம், நெருங்கிய உறவினரல்லாத ஒருவர் உயிருடன் இருக்கும்போதே உறுப்பு வழங்க விரும்பினால், பெறுபவர்மீது கொண்ட அன்போ பற்றோ வேறு சிறப்புக் காரணமோ அதற்கு அடிப்படையாதல் வேண்டும் என்கிறது. ஒப்புதல் குழுவின் இசைவும் தேவை. பணம் என்னும் கைம்மாறு விலக்கப்படுகிறது. ஆனால் காரணம் கேட்கப்படுகிறது. இப்பிரிவைத் தமிழாக்குவோர் 'தன்னலமற்ற தானம்' என எழுதினால், குழுவின்முன் நிற்பவர் தமக்கு எக்காரணமும் இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவராகிவிடுவார். சட்டம் கேட்பதோ அதற்கு நேர்மாறானது.