ஒரு துணைக்காலின் அழகு

அச்சுப் புத்தகம் ஒன்றை ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்தால், சில நிமிடங்களில் அதை உரையாக்கித் தந்துவிடுகிறது. அந்த உரை பார்வையற்ற வாசகர் ஒருவரின் திரைவாசிப்பானுக்கோ பிரெய்ல் அச்சுக்கோ போகும் முன், எங்கோ ஒருவர் மூலப் பக்கத்தை அருகில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்கிறார். சம்பளம் கிடையாது. அவர் செய்கிற வேலையின் நயத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், வாருங்கள்.

முதலில் துணைக்கால். ‘ா’வும் ‘ர’வும் உருவத்தில் எவ்வளவு நெருக்கம்! அச்சு மை சற்று மங்கினால் போதும், மென்பொருள் மயங்கிவிடும். ‘மரம்’ ‘மாம்’ ஆகும். ‘பாடம்’ ‘பரடம்’ ஆகும். நம் கண்ணில் பட்டால், மனம் தானே திருத்திக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். இயந்திரக் குரலுக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. இருப்பதை இருக்கிறபடி சொல்லும். ஆகவே மெய்ப்புப் பார்ப்பவர், நாம் பெருமையோடு பழகி வைத்திருக்கும் வேகவாசிப்பை மறந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தையின் நிதானத்துக்குத் திரும்புகிறார். கொம்பு ஒற்றையா இரட்டையா, புள்ளி இருக்கிறதா, உதிர்ந்துவிட்டதா? சுதந்திர தினத்தன்று தலைமை ஆசிரியர் ‘கோடி’ ஏற்றக் கூடாது. ‘எரி’யில் தண்ணீர் நிரம்பக் கூடாது. ‘ஐந்து பேர்’ ‘ஜந்து பேர்’ ஆகி வந்து நிற்கும் இடத்தில் அவர் சிரிக்கவும் செய்வார். அந்தச் சிரிப்பையாவது அவருக்கு விட்டுவைப்போம்.

என்னை மிகவும் மயக்குவது ‘கௌரவம்’ என்ற சொல்லில் நடக்கும் திருத்தம். அதன் ‘கௌ’வை ‘கெ’வும் ‘ள’வுமாகப் பிரித்துத் தட்டினாலும் திரையில் ஏறக்குறைய அதே அழகோடுதான் நிற்கும், கண்ணால் வேறுபாடு காண்பது அரிது. கணினிக்கோ இரண்டும் வேறு வேறு. பிரித்து எழுதிய சொல்லைத் திரைவாசிப்பான் ‘கெ-ள-ரவம்’ என்றே உச்சரிக்கும். கண்ணுள்ளவர்களுக்கு ஒருநாளும் தெரியவராத, காதுக்கு மட்டுமே வலிக்கிற பிழை இது. ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே என்றால், ‘வெளி’யும் ‘தெளிவு’ம் ‘வெள்ளம்’உமாக எத்தனையோ நல்ல சொற்கள் நடுவில் நிற்கின்றன. அவற்றைக் காயப்படுத்தாமல் ‘ஔவை’யையும் ‘வௌவால்’களையும் மட்டும் ஒவ்வொன்றாகத் தேடி மீட்க வேண்டும். காதில் விழாமல் நழுவும் பிழைகளும் உண்டு. குரல் ‘மனம்’ என்றதா ‘மணம்’ என்றதா என்று சந்தேகம் வரலாம். பிரெய்லில் ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் தனித்தனிப் புள்ளிகள், விரல் உடனே கண்டுபிடித்துவிடும். ஆக, தன் கண்ணை வைத்துக்கொண்டு இன்னொருவரின் காதுக்கும் விரலுக்கும் சேர்த்துப் படிக்கிறார் இவர்.

பழைய நூல்களில் இன்னொரு சுகம். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான பக்கங்களில் துதிக்கை நீட்டிய ‘லை’யும் ‘னை’யும், சுழித்து நிற்கும் ‘றா’வும் ‘னா’வும் கம்பீரமாக வரும். புதிய எழுத்துக்கே பழகிய மென்பொருள் அவற்றைக் கண்டு திகைத்து எதையாவது கொட்டிவைக்கும். போதாக்குறைக்கு, நம் அச்சகத்தார் வரிக்கடைசியில் சொல்லை முறிக்கும்போது பெரும்பாலும் இணைப்புக்கோடு இடுவதில்லை. இந்த வரியின் ‘பார்த்’தும் அடுத்த வரியின் ‘தான்’உம் ஒரே சொல் என்பதைப் பொருள் அறிந்த ஒருவர்தான் சேர்த்துவைக்க முடியும்.

எழுத்தைத் தாண்டி, பக்கத்தையும் பாருங்கள். ‘அவள் கதவைத் திறந்தபோது... நாற்பத்தேழு... மூன்றாம் அத்தியாயம்... அங்கே யாரும் இல்லை.’ பக்கத் தலைப்பை நீக்காவிட்டால் ஒரு நாவல் இப்படித்தான் காதில் விழும். மெய்ப்புப் பார்ப்பவர் தலைப்பை எடுத்துவிடுகிறார். பக்க எண்ணை மட்டும் எறிவதில்லை, வாக்கியத்தில் இடறாதபடி தனியே குறித்துவைக்கிறார். ஆசிரியர் ‘47ஆம் பக்கம் எடுங்கள்’ என்றால், பார்வையற்ற மாணவியும் மற்றவர்களோடு அங்கே போய்விடலாம். அத்தியாயத் தலைப்புகளைத் தலைப்பு என்றே குறித்துவிட்டால், என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் ஒரே விசையில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம். இதையெல்லாம் யாரோ முன்கூட்டி நினைத்துப் பார்த்திருக்கிறார் என்பதே எவ்வளவு அருமை!

எல்லாவற்றிலும் உயர்ந்தது, தொடாமல் விடும் பக்குவம். கி. ராஜநாராயணனின் கரிசல் பேச்சிலோ புதுமைப்பித்தனின் நெல்லைப் பேச்சிலோ கைவைத்து ‘சரி’ செய்துவிடக் கூடாது. மென்பொருளின் பிழை எது, எழுத்தாளரின் மொழி எது என்று பிரித்தறிவதற்கு நல்ல ரசனை வேண்டும். இலக்கணம் மட்டும் தெரிந்தவரிடம் இந்த வேலையைக் கொடுக்க எனக்குப் பயம்தான்.

அமெரிக்காவில் 2002இல் தொடங்கிய புக்ஷேர் நூலகம், இத்தகைய தன்னார்வலர்கள் ஸ்கேன் செய்து பிழைதிருத்திய நூல்களால் வளர்ந்தது. இங்கே 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்காக நூல்களை அணுகத்தக்க வடிவங்களில் ஆக்குவதற்கு இடம் தந்தது. பார்வையற்றோருக்கான மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியா. 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் வந்தது. சட்டத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் குறைவில்லை. நிதானமாகத் தமிழ் படிக்கும் கண்கள்தாம் இன்னும் வேண்டும்.

வாரத்தில் ஓரிரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், உங்கள் ஊரில் பார்வையற்றோருக்காக நூல் ஆக்கும் அமைப்பு எது என்று விசாரியுங்கள். முதலில் பத்துப் பக்கம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கும்போது துணைக்கால்களைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள்.