குளத்தங்கரையில் ஒரு கடைசி அத்தியாயம்

நம்முடைய சரித்திர நாவல்களில் யாரும் சும்மா சாவதில்லை. இரண்டு பக்கம் பேசிவிட்டுத்தான் சாகிறார்கள். பிறரை நான் குறை கூற வரவில்லை. என் மேஜைக்குள் அச்சேறாமல் கிடக்கும் நாவலிலும் இதே கதைதான்.

அதன் கதாநாயகர் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர். சீமையை இழந்து வந்த வேலு நாச்சியாருக்குப் புகலிடம் கொடுத்தவர். பிற்பாடு மருது சகோதரர்கள், தூந்தாஜி வாக் முதலியவர்களோடு சேர்ந்து கும்பினியாரை எதிர்த்தவர். 1800 ஜூன் மாதம் கோயமுத்தூர்க் கோட்டையைத் தாக்கப் போட்ட திட்டம் தோற்றது. பிடிபட்டவர்களில் 42 பேரைத் தூக்கில் போட்டார்கள். 1801-இல் நாயக்கரையும் தூக்கிலிட்டார்கள். கயிறு கழுத்தில் விழுமுன் அவர் பேசுவதற்கென்று ஒரு வீரப் பிரசங்கம் எழுதி வைத்திருந்தேன். வாசித்துக் காட்டியபோது என் மனைவி கண்ணைத் துடைத்துக் கொண்டாள். எனக்கும் பெருமைதான்.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டுக்கல் போயிருந்தேன். ரயிலுக்கு நேரமிருந்தது. கோபாலசமுத்திரம் குளத்தங்கரைக்கு நடந்தேன். நாயக்கரைத் தூக்கிலிட்ட இடம் அது, குளத்தின் பெயரும் அவரால் வந்தது என்பார்கள் ஊரார். விருப்பாட்சியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. இங்கே குளம் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு பேசாமல் கிடந்தது. பிள்ளையார் கோவில் பக்கம் மணியோசை கேட்டது. சிறிது நேரம் நின்றேன். என் பிரசங்கத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். கூச்சமாக இருந்தது. அந்த இடத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியாது.

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலில் ஒரு கட்டம் நினைவுக்கு வந்தது. மாஸ்கோவைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கைதிகளைச் சுட்டுக் கொல்கிறார்கள். கடைசியாக ஓர் ஆலைத் தொழிலாளி, சின்னப் பையன். கண்ணைக் கட்டுகிறார்கள். பின்னந்தலையில் முடிச்சு உறுத்துகிறது. அதைத் தானே சரிசெய்து கொள்கிறான். அடுத்த நிமிஷம் சாகப் போகிறவன்! பிரசங்கமும் கிடையாது, கோஷமும் கிடையாது. சுடுகிறவர்களும் வெலவெலத்துப் போகிறார்கள். படித்து இருபது வருஷமாகியும் அந்த முடிச்சு என்னை உறுத்திக் கொண்டிருக்கிறது.

'நம் வாசகர்களுக்கு வீரம் வேண்டுமே ஐயா!' என்பார் என் பதிப்பாளர். வேண்டியதுதான். ஆனால் அந்த வீரம் செத்தவருடையதாக இருக்க வேண்டும். நான் எழுதிய பிரசங்கத்தில் இருப்பது என் வீரம். அதைக் கேட்டு அழுகிற வாசகர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார். ஒரு மனிதரைக் கொன்றார்கள் என்பது அந்த அழுகையிலேயே கரைந்து போகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த 42 பேரும் என் நாவலில் ஒரே ஒரு வாக்கியம். அவர்களுக்கும் கழுத்து இருந்தது, வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருக்க ஆள் இருந்தது என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

ஊர் திரும்பியதும் பிரசங்கத்தை அடித்துவிட்டேன். அந்த இடம் இன்னும் வெறும் காகிதமாகத்தான் இருக்கிறது. அன்று சாயங்காலம் குடத்தோடு அந்தக் கரைக்கு வந்த ஒருத்தி தண்ணீர் மொண்டாளா, வெறுங்குடத்தோடு திரும்பினாளா? அதைத்தான் யோசித்துக் கொண்டிருக்கிறேன்.