கட்டத்துள் அகப்பட்ட எழுத்து

மன்னார்த் தீவின் பனையோலைப் பாயில் எழுத்தொன்றை இழைக்க முனைவோர்க்கு வளைகோடு வாய்ப்பதில்லை. குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் ஓலைகள் சதுரங்களையே தரும். நிறமூட்டிய சதுரங்களை அடுக்கியே எழுத்தின் சாயலைப் பெறல் வேண்டும். கணினித் திரையின் கட்ட எழுத்தும் இவ்வியல்பினதே. 1970களின் பிற்பகுதியில் வந்த மின்னணு விளையாட்டுகள் எட்டுக்கெட்டுக் கட்டத்துள் ஆங்கில எழுத்துகளை அடக்கின. 1984இல் மக்கின்டோஷ் கணினிக்கெனச் சூசன் கேர் அமைத்த ‘சிக்காகோ’ எழுத்து, அத்தடையையே அழகாக மாற்றியது. அன்றைய தேவை இன்று அலங்காரமாகியுள்ளது. தடித்த கட்ட எழுத்துகள் பழமை நினைவூட்டும் தலைப்புகளாக மீண்டும் உலவுகின்றன.

இவ்வடிவைத் தமிழுக்கும் அப்படியே பொருத்தலாம் எனக் கருதுவாருமுளர். அக்கருத்து ஆராய்தற்குரியது. கோட்டுக்கு இரண்டு கட்டத் தடிப்பும் இடைவெளிக்கு ஒரு கட்டமும் கொண்டால், எட்டுக் கட்ட அகலத்துள் மூன்று நிமிர்கோடுகளே அடங்கும். ஆங்கிலத்தின் பெரும்பாலான எழுத்துகளுக்கு அது போதும். ணகரத்தின் மூன்று சுழிகளுக்கோ அது போதாது. சுழி குறைப்பின் ணகரம் னகரமாகும். கோட்டை மெலிப்பின் தடிப்பெழுத்தின் நோக்கமே கெடும். மேலும், விசிறியும் புள்ளியும் எழுத்தின் மேலும், உகரக் குறி கீழும் இடம் வேண்டுவன. எனவே தமிழுக்கு வேண்டுவது பெரிய கட்டமேயன்றிச் சிதைந்த எழுத்தன்று.

புள்ளியின் இழப்பே இவற்றுள் பெரிது. மெய்க்குப் புள்ளி உண்டென்பது தொல்காப்பியர் காலத்து விதியாயினும், ஓலையிலே அது பெரும்பாலும் இடப்படவில்லை. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றியபின் அங்கும் பணிபுரிந்த ஹென்றீக்கஸ் அடிகளார், 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூலும் அவ்வோலை வழக்கையே பின்பற்றிற்று. அக்கால வாசகர் இடம்நோக்கி உணர்ந்து படித்தனர். ஓடும் பேருந்தின் ஒளிப்பலகையை நோக்குபவனுக்கு அவ்வவகாசம் இல்லை. புள்ளி மறைந்தால் மன்னார் ‘மனனார’ ஆகும்; கல்வியோ கலவியாகிவிடும்.

ஆகவே பயன்பாட்டை வரையறுத்தல் தகும். விழா அறிவித்தலின் தலைப்பு, நூலட்டை, விளையாட்டுத் திரை ஆகியவற்றில், பெரிய அளவில், ஓரிரு சொற்களுக்கு இவ்வெழுத்து மிடுக்குத் தரும். மருந்துச் சீட்டு, வீதிப் பெயர்ப்பலகை, அபாய அறிவித்தல் என்பன இதற்குரிய இடங்களல்ல. மும்மொழிப் பலகைகளில் தமிழைப் பிழையின்றிப் பெறவே போராட வேண்டியுள்ள நாட்டில், அழகின் பெயரால் நாமே அதனைத் தெளிவற்றதாக்குதல் முறையன்று.

பாய் இழைப்பவள் எழுத்துக்கு இடம் போதாதெனக் கண்டால், ஓலையை இன்னும் நுண்ணிதாய் வார்ந்துகொள்வாள். எழுத்தைக் குறைக்க மாட்டாள். எழுத்துரு வரைவோரும் அவ்வழியே செல்லல் வேண்டும்.