எஞ்சாமி: கேட்டவர்களைக் குறித்து

ஒரு பாட்டைக் கோடிக்கணக்கானோர் கேட்டாயிற்று என்று சொல்லப்படும்போது, அதைக் கேட்டவர்கள் யார், என்னத்தைக் கேட்டார்கள் என்ற கேள்வி நம் சூழலில் எழுவதே இல்லை. எண்ணிக்கை கிடைத்துவிட்டால் போதும். உடனே ஒருவர் இது மண்ணின் குரல் என்பார். மற்றவர் இது மண்ணை விற்ற குரல் என்பார். இருவருமே பாட்டைப் பற்றிப் பேசவில்லை என்பது இருவருக்கும் தெரியாது. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பற்றி இன்றுவரை பேசப்பட்டதில் பெரும்பகுதி இந்த ரகம்தான்.

பாட்டின் பின்னணி பலருக்கும் தெரிந்தது. அரக்கோணத்துக்காரரான அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அதை எடுத்தார். வள்ளியம்மாள் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். 1964இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் கணக்குப் பிரித்தது. சரக்குப் பிரிப்பதுபோலத்தான் பிரித்தார்கள். அப்படித் திரும்பியவர்களுக்கு அங்கே வளர்த்த தேயிலையும் சொந்தமில்லை, இங்கே விட்டுப்போன மண்ணும் சொந்தமில்லை. இந்த இல்லாமைதான் பாட்டின் விதை. தீயின் குரலும் சந்தோஷ் நாராயணனின் இசையமைப்பும் அதை உலகச் சந்தைக்கு எடுத்துச் சென்றன.

வந்த எதிர்வினைகளில் முதலாவது நாட்டார் வழக்காற்றியல்காரர்களுடையது. இது நாட்டுப்பாடல் அல்ல, சிதைவு என்றார்கள். இதே குற்றச்சாட்டை 1965இல் நியூபோர்ட் விழாவில் மின்கிதாரோடு மேடையேறிய பாப் டிலனும் வாங்கிக்கட்டிக்கொண்டார். மறு ஆண்டு மான்செஸ்டரில் ஒருவன் ‘யூதாஸ்’ என்றே கத்தினான். ஆனால் அங்கே கத்தியவன் அந்தப் பாட்டுகளை வரி வரியாகத் தெரிந்தவன், தன்னிடமிருந்து எதுவோ பிடுங்கப்படுகிறது என்று உணர்ந்தவன். நம்மவர்களின் கோபத்தில் அந்த நேசம் இல்லை. அவர்களுக்கு ஒப்பாரி என்பது அச்சில் வந்த ஒப்பாரிதான். நா. வானமாமலை ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பை 1964இல் கொண்டுவந்தது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்த அச்சாலும் வரி முடிவில் இழுபடும் அந்த உயிரெழுத்தை, மூக்கை உறிஞ்சும் இடத்தை, பக்கத்துப் பெண் தோளில் சாய்ந்து அடுத்த அடியை அவளிடம் விடும் கணத்தைப் பிடிக்க முடியாது. அச்சு அந்தப் பக்கம் சிதைத்தது, ஒலிப்பதிவு இந்தப் பக்கம் சிதைக்கிறது. முதலாவதை ஆவணம் என்றும் இரண்டாவதைத் துரோகம் என்றும் சொல்வதற்கு என்ன நியாயம்?

இரண்டாவது எதிர்வினை கட்சிக்காரர்களுடையது. அவர்கள் சொற்களை மட்டும் கேட்டார்கள். கே. ஏ. குணசேகரன், இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வைப் பாடியபோதும் இப்படித்தான். கொள்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, அந்தக் குரல் எந்த இடத்தில் பறையை முந்திக்கொண்டு போகிறது என்று கவனித்தவர்கள் குறைவு.

பிறகு வழக்கு வந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு சஞ்சிகையின் அட்டையில் அறிவு இல்லை. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு இருந்தது, அறிவு இல்லை. யார் எழுதியது, யார் மெட்டுப் போட்டது என்று அவரவர் தம் தரப்பைச் சொன்னார்கள். நியாயமான கேள்விகள்தான். பெயர் விடுபடுவது இந்த நாட்டில் சிலருக்கு மட்டும் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதும் மறுக்க முடியாதது. ஆனால் அந்த மேடையில் தீயோடு சேர்ந்து பாடியவர் கிடாக்குழி மாரியம்மாள். நாட்டுப்பாடலையே வாழ்வாகக் கொண்ட ஒரு பெண்ணின் குரலுக்கு அந்தப் பாட்டு திரும்பிப் போனபோது அது என்னவாயிற்று என்று எழுதிய ஒருவரையும் நான் காணவில்லை. அவரை ‘பதிலாக வந்தவர்’ என்று குறித்துக்கொண்டதோடு விமர்சனம் முடிந்தது.

நான் இதைப் பற்றி யோசிக்க நேர்ந்தது தாயில்பட்டியில். வெம்பக்கோட்டைப் பக்கம், கரிசலுக்கு நடுவில், பட்டாசை நம்பிப் பிழைக்கும் ஊர். நண்பர் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். ஆபீசுக்குள் (ஆலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள்) கைபேசி போகாது, மருந்து இருக்கும் இடம். ஆகவே பாட்டு என்பது காலையும் மாலையும் ஆட்களை ஏற்றிவரும் வேனில்தான். ‘எஞ்சாமி’ அந்த வேனில் எத்தனையோ முறை ஓடியிருக்கிறது. சின்னப் பெண்களுக்கு மனப்பாடம். அவர்களிடம் கேட்டேன், பிடிக்கும் என்றார்கள், ஆட வரும் என்றார்கள். விமர்சகன் எதிர்பார்க்கும் ஆழமான பதிலை மக்கள் தயாராக வைத்துக்கொண்டிருப்பதில்லை, அது அவர்கள் வேலையுமல்ல.

அறுபதைத் தாண்டிய ஒரு பெண் மட்டும் வேறு விதமாகச் சொன்னார். திரி வைத்து வைத்து விரல் நுனியில் ரேகை தேய்ந்தவர், சாவு வீடுகளில் பாட்டெடுக்க அழைக்கப்படுபவர். நண்பரின் கைபேசியில் முழுப்பாட்டையும் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, “பாட்டு நல்லாத்தான் இருக்கு ராசா. தாத்தன் விட்டுட்டுப் போனதுன்னு சொல்லுதாகளே, நமக்கு யாரு என்னத்த விட்டுட்டுப் போனா?” என்றார். கொஞ்சம் கழித்து, “அழுகுறதுக்கு எடம் விடலயேய்யா” என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த ஒரு வரியையும் நான் பத்திரிகைகளில் படிக்கவில்லை.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தாளம் ஒப்பாரிக்கு அந்நியம் என்று அவர் சொல்லவில்லை. மாரடிப்பாட்டில் தாளம் உண்டு, நெஞ்சில் விழும் கையே தாளம். ஆனால் அந்தக் கை பாடுபவளுக்காகக் காத்திருக்கும். விம்மல் வந்தால் நிற்கும், பிறகு விழும். இயந்திரத்தில் கோத்த தாளம் காத்திருக்காது. அறிவு இதை அறியாதவர் அல்ல என்றே நினைக்கிறேன். பாட்டின் பிற்பகுதியில், மரம் நட்டுத் தோட்டம் வளர்த்தும் தொண்டை நனையாமல் நிற்கும் ஜீவனின் குரல் வரும் இடத்தில், உச்சரிப்பு தாளத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்தச் சில விநாடிகளில் பாட்டு தன் உண்மையான உருவத்தைத் தொட்டுவிடுகிறது. தொட்ட உடனேயே மறுபடி கொண்டாட்டத்துக்குள் இழுத்துச் செல்லப்படுகிறது. இது சமரசமா, அல்லது துக்கத்தையும் ஆட்டத்தையும் சேர்த்தே வைத்திருக்கும் பறையின் சுபாவமா என்பதில் எனக்கு வெகுநாள் தயக்கம் இருந்தது. சாவுக்கு ஆடுகிற சமூகம்தானே நம்முடையது. ஆனால் சாவு வீட்டு ஆட்டத்தில் பிணம் நடுவில் கிடக்கிறது, ஆடுபவன் அதைச் சுற்றித்தான் ஆட வேண்டும். இங்கே நடுவில் இருக்கவேண்டியது கண்ணுக்கு மறைந்துவிட்டது. படக்காட்சியில் வள்ளியம்மாளே அமர்ந்திருக்கிறார். பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு அவர் வேண்டியிருக்கவில்லை.

இங்கேதான் முதல் வாக்கியம் வருகிறது. முன்னோர் விட்டுச்சென்ற பூமி, அதில் நாய்க்கும் நரிக்கும் பூனைக்கும் பங்கு என்ற படிமம், நிலம் மறுக்கப்பட்டவளின் வாயில் ஓர் உரிமைக் கோரிக்கை. அதே படிமம் பத்து ஏக்கர் பட்டா வைத்திருப்பவன் வாயில் இயற்கை நேசமாகிவிடுகிறது. பாட்டைத் தன் தாத்தா பாட்டியின் பெருமையாகப் பாவித்து ஆடியவர்களில், அந்தத் தாத்தாவின் வயலில் கூலிக்கு நின்ற வள்ளியம்மாள்கள் யார் என்று யோசித்தவர் எத்தனை பேர்? இந்தப் பழியைக் கேட்டவர்கள் தலையில் முழுக்கப் போட நான் தயாரில்லை. படிமம் அவ்வளவு தாராளமாகத் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் வாரிசாக நுழைந்துவிடலாம். பாட்டின் பலவீனம் என்று நான் கருதுவது இதைத்தான். அதன் வெற்றிக்குக் காரணமும் இதுவே.

2024இல் அறிவு ஒரு தொகுப்பே கொண்டுவந்து அதற்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர் வைத்தார். நம் வட்டத்து நண்பர்கள் சிலர், இதில் ‘எஞ்சாமி’ மாதிரி ஒன்றும் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார்கள். எல்லோரும் வாரிசாகிக்கொண்ட பிறகு, இன்னாருடைய பேரன் நான் என்று ஒருவன் பெயர் சொல்லி நிற்பது அவர்களுக்கு ருசிக்கவில்லை. தெருவில் ஆடத் தோதான பாட்டைத் தேடுகிறவன் பெயரை எங்கே படிப்பான்?

தாயில்பட்டியில் அந்தப் பெண்ணை ஒரு ஒப்பாரி பாடச் சொன்னேன். வீட்டுக்குள் வைத்துப் பாடக்கூடாது என்று உடனே மறுத்துவிட்டார், வீட்டுக்கு ஆகாதாம். இதே ஒப்பாரி மெட்டு கல்யாண மண்டபங்களில் ஒலித்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். சிரித்தார். மறுநாள் வேலை இல்லாத நாள். கண்மாய்க் கரைக்கு எங்களைக் கூட்டிப்போய், தன் தாய்க்குப் பாடியதை எடுத்தார். இரண்டு அடி பாடினார். அடுத்ததற்கு மூச்சிழுத்தவர் அப்படியே நிறுத்தி, பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். அங்கே நானும் நண்பரும்தான் நின்றிருந்தோம். “வாங்கிப் பாட ஆளில்லாம எப்படிய்யா?” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரையிலிருந்து இறங்கிவிட்டார்.