திரையில் வந்த வரலாறும் வராத சாலையும்

1988 நவம்பரில் தூர்தர்ஷனில் 'பாரத் ஏக் கோஜ்' தொடங்கியபோது ஒலக்கூரில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊர். கழியில் உயரக் கட்டிய ஆன்டெனாவை ஒருவர் மாடியில் நின்று திருப்புவார். கீழே இருந்து "வந்துடுச்சு, விடு, அப்படியே விடு" என்று கத்துவோம். புள்ளி புள்ளியாய்த் தெரிந்த அந்தத் திரையில்தான் அசோகரும் ராஜராஜனும் ஆள்வடிவில் நடக்க முதன்முதலாகப் பார்த்தேன். பேசியதெல்லாம் இந்தி. வடக்கே ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியப்பா, நாலு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியமாகத் தமிழில் சொல்வார். மிச்சத்தை முகங்களைப் பார்த்து நாங்களே நிரப்பிக்கொண்டோம்.

அதே ஆண்டு அக்டோபரில்தான் அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். 'அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற வரலாற்று வரிசையைத் தொடங்கியது. அது பல ஆண்டுகள் அந்த நாட்டின் அரசியலையும் போர்களையும் சமூகத்தையும் படம் படமாகச் சொல்லிவந்தது. மக்கள் பணத்தில் நடக்கும் தொலைக்காட்சி மக்களுக்கு வரலாறு சொல்லலாமா, சொன்னால் எப்படிச் சொல்ல வேண்டும் என்ற கேள்வி இரண்டு நாட்டுக்கும் பொது. இரண்டு நாட்டுப் படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகுதான் நம்முடையதன் அருமையும் எனக்குப் புரிந்தது, குறையும் புரிந்தது.

அருமையை முதலில் சொல்கிறேன். அகமதுநகர் கோட்டைச் சிறையில் நேரு எழுதிய நூலைத்தான் ஷியாம் பெனகல் 'பாரத் ஏக் கோஜ்' என்று 53 பகுதிகளாக எடுத்தார். நேருவாக ரோஷன் சேத் வந்து நம்மைப் பார்த்துப் பேசுவார். ஓம் புரியின் குரல் கதையை நடத்தும். அந்த ஓம் புரியே இன்னொரு பகுதியில் ஔரங்கசீப்பாக உட்கார்ந்திருப்பார். இதைச் சிக்கனம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது நேர்மையாகப் பட்டது. நடிகர் மாறாமல் வேடம் மட்டும் மாறும்போது, நாம் பார்ப்பது வரலாறு அல்ல, வரலாற்றைப் பற்றிய ஒரு கூத்து என்பது மறக்காமல் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தூர்தர்ஷன் அப்போது மகாபாரதத்தைப் பக்தித் தொடராகவும் ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. பெனகல் அதே கதையை, ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட இலக்கியமாகக் காட்டினார். சாதி எப்படி உருவானது என்பதற்கே ஒரு பகுதி ஒதுக்கினார். ஒரே அரசுச் சேனலில் இரண்டு பார்வைக்கும் இடம் இருந்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

குறை எங்கே என்றால், தொடர் டெல்லியில் நின்று தெற்கைப் பார்த்தது. சங்ககாலத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் சேர்த்து இரண்டு பகுதி, சோழருக்கு இரண்டு பகுதி. ஔரங்கசீப்பின் படை எட்டு ஆண்டு முற்றுகையிட்ட செஞ்சி, எங்களுக்குத் திண்டிவனத்தில் பஸ் மாறினால் வந்துவிடும் ஊர். பிரெஞ்சுக்காரர்களின் இந்தியக் கனவு முறிந்த 1760 ஜனவரிப் போர் நடந்த வந்தவாசியும் பக்கம்தான். பெட்டியில் வரலாறு ஓடியது. அது எங்கள் கொல்லைப்புறத்தையும் மிதித்துக்கொண்டு போன வரலாறு என்று எங்களுக்குச் சொல்ல அதில் ஆள் இல்லை. தமிழில் குரல் சேர்த்திருந்தால்கூட பாதிக் குறை தீர்ந்திருக்கும். தவிர, கதை சுதந்திரத்தோடு நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாழ்ந்த நாற்பது ஆண்டுகள் அதில் இல்லை.

கென் பர்ன்ஸ் 1990 செப்டம்பரில் பி.பி.எஸ்.ஸில் காட்டிய 'தி சிவில் வார்' படத்தைப் பல ஆண்டுகள் கழித்து இணையத்தில் பார்த்தேன். அசையும் படம் ஒன்றுகூட இல்லாத 1861-65 போர். ஆனால் கேமரா ஒரு பழைய புகைப்படத்தின் ஓரத்தில் தொடங்கி, துப்பாக்கியைக் கடந்து, பொத்தானைக் கடந்து, மெதுவாக ஒரு பையனின் கண்ணுக்கு வந்து நிற்கும். பின்னால் ஒரு சிப்பாய் மனைவிக்கு எழுதிய கடிதத்தை யாரோ வாசிப்பார்கள். நான் அழுதேன். அழுத பிறகுதான் சந்தேகம் வந்தது. நாவலாசிரியர் ஷெல்பி ஃபுட் இழுத்து இழுத்துச் சொல்லும் கதைகளுக்கு ஏராளமான நேரம். அடிமை முறைதான் போரின் மையம் என்று விடாமல் சொன்ன வரலாற்றாசிரியர் பார்பரா ஃபீல்ட்ஸுக்குச் சில நிமிடங்கள். இரு தரப்பும் வீரர்கள், இரு தரப்பும் பாவம் என்ற துக்கத்தில், எதற்காகப் போர் என்ற கேள்வி கரைந்துவிடுகிறது. போருக்குப் பின் கறுப்பின மக்களுக்குக் கிடைத்த உரிமைகள் பறிக்கப்பட்ட கதையை அந்தப் படம் விரைந்து கடந்துவிடுகிறது.

இந்தக் குறை இல்லாத படம் ஒன்று அதற்கு மூன்று ஆண்டு முன்பே அதே தொலைக்காட்சியில் வந்திருந்தது. ஹென்றி ஹாம்ப்டன் தயாரித்த 'ஐஸ் ஆன் தி பிரைஸ்'. அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமையுரிமைப் போராட்டத்தின் வரலாறு. 1987இல் 6 பகுதி, 1990இல் 8 பகுதி. அங்கே இருந்தவர்கள்தான் பேச வேண்டும், நிபுணர்கள் வேண்டாம் என்பது ஹாம்ப்டனின் கொள்கை. அடி வாங்கியவர்கள் பேசுகிறார்கள். அதோடு, 1965இல் செல்மா நகரில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்தபோது மேயராக இருந்த ஜோசப் ஸ்மிதர்மன், இருபது ஆண்டு கழித்து அதே கேமராவின் முன் உட்கார்ந்து பேசுகிறார். அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்ததுதான் பொதுத் தொலைக்காட்சி செய்யக்கூடிய ஆகப் பெரிய வேலை என்று நினைக்கிறேன். அந்தப் படத்துக்கும் சோதனை வந்தது. பழைய காட்சிகளுக்கும் பாடல்களுக்கும் வாங்கியிருந்த உரிமைக் காலம் முடிந்ததால் பல ஆண்டுகள் அதை ஒளிபரப்ப முடியவில்லை. நன்கொடை திரட்டி 2006இல்தான் மறுபடி காட்டினார்கள்.

இந்த அளவுகோலை எங்கள் பக்கம் வைத்துப் பார்க்கிறேன். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம், திண்டிவனத்தில் மருத்துவராக இருந்த ராமதாஸ் தலைமையில் வன்னியர் சங்கம் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடத்தியது. உயிரிழந்தவர்கள் 21 பேர். அந்த வாரத்திலேயே தலித் குடிசைகளும் எரிந்தன. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் வந்ததற்கு வேர் அங்கே இருக்கிறது. இன்றும் ஊருக்கு ஊர் இருக்கும் கசப்புக்கும் ஒரு வேர் அங்கேயே இருக்கிறது. அப்போது பெட்டியில் வந்த ஒரே சேனல் தூர்தர்ஷன். இத்தனை ஆண்டுகளில் இந்த இரண்டைப் பற்றியும், இரு தரப்பையும் உட்கார வைத்துக் கேட்ட ஒரு தொடரைக்கூட அதில் நான் பார்த்ததில்லை.

தனியார் சேனல்கள் செய்யட்டுமே என்பார்கள். தமிழில் அவற்றில் பல கட்சிக்கு ஒன்றாக இருக்கின்றன. ஒரு சேனலில் 21 பேரின் படம் வரும், இன்னொன்றில் எரிந்த குடிசை வரும். இரண்டையும் ஒரே மணி நேரத்தில் காட்ட யாருக்கும் கட்டாயமில்லை, பொதுப்பணத்தில் நடப்பதைத் தவிர. தன்னாட்சிக்கென்று 1990இல் நிறைவேறி 1997இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டம், அந்தத் துணிச்சலைத் தரவில்லை. பணம் தரும் கை டெல்லியில் இருக்கும்வரை தருவது கடினம். அமெரிக்காவையும் இதில் உயர்த்திப் பேச முடியாது. 1967 சட்டத்தால் உருவாகி, பி.பி.எஸ்.ஸுக்கும் பணம் தந்துவந்த பொது ஒளிபரப்புக் கழகத்துக்கு அடுத்த இரண்டு ஆண்டுக்கென ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை 2025இல் அந்நாட்டு நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. கழகம் கடையைக் கட்டுவதாக அறிவித்துவிட்டது.

1987இல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. எங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். சென்னைக்குப் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் குறுக்கே மரம் வெட்டிப் போட்ட ராத்திரியை, எந்த மரம், யார் கோடாலி கொண்டுவந்தது, போலீஸ் வேன் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று டீ ஆறும்வரை சொல்வார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா இருக்கிறார். அதே வாரத்தில் கூரை எரிந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடியதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். இரண்டு பேர் பேச்சையும் என் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இருவரையும் அடுத்தடுத்து ஒரே திரையில் இதுவரை யாரும் பார்க்கவில்லை.