பத்து சென்ட் குறைந்தால்

நண்பர் ஒருவரின் அக்காவுக்கு அறுபத்திரண்டாவது வயதில் அமெரிக்க இமிக்ரன்ட் விசா வந்துவிட்டது. அங்கே குடியுரிமை பெற்ற தம்பி மனுப் போட்டுப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மனுப் போட்டபோது இருந்த முழங்கால் இப்போது இல்லை. இருந்தாலும் கணவரையும் கூட்டிக்கொண்டு மும்பை போய், இன்டர்வியூ முடித்து, பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கரோடு திரும்பிவிட்டார். நான் போனபோது டைனிங் டேபிளில் லாப்டாப்பைத் திறந்து வைத்து, நண்பர் கிரெடிட் கார்டு நம்பரை ஒவ்வொரு இலக்கமாக அடித்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்குடா? விசாவுக்குத்தான் அன்னிக்கே கட்டியாச்சே?"

"அது விசாவுக்குக்கா. இது கார்டுக்கு."

"கட்டலேன்னா உள்ள விடமாட்டானா?"

"விடுவான். கார்டு வராது."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஓட்டல் மாதிரி. சாப்ட்டு முடிச்சப்புறம் பில்லு."

விசா கிடைத்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குடும்ப வகை விசா விண்ணப்பத்துக்குத் தலைக்கு 325 டாலர். 'இவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அங்கிருக்கும் சொந்தக்காரர் எழுதிக்கொடுக்கும் உறுதிப் பத்திரத்தைப் பரிசீலிக்க 120. விசா கைக்கு வந்தபின் கிரீன் கார்டு அச்சடிக்க இன்னொரு கட்டணம். 2024 ஏப்ரலில் அது 220-லிருந்து 235 ஆயிற்று. இதுவும் தலைக்கு. ஆக இரண்டு பேருக்கு 1240 டாலர். மெடிக்கல், மும்பை டிக்கெட் எல்லாம் தனி. ஏர்போர்ட்டில் அதிகாரி விசா மேல் ஸ்டாம்ப் குத்தினால் அந்தப் பக்கமே ஒரு வருஷத்துக்குக் கிரீன் கார்டு மாதிரி செல்லும். ஆனால் பணம் கட்டுகிறவரை நிஜக் கார்டு அச்சாகாது. அக்கா சொன்னது ரொம்பச் சரி.

அவர் சாப்ளினின் 'தி இமிக்ரன்ட்' பார்த்ததில்லை. ஆனால் அந்தப் படத்தின் பின்பாதியை ஒரே வரியில் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அதை மறுபடி பார்த்தேன். 1917-ல் வந்த மௌனப்படம். அரை மணிக்கும் குறைவு. காப்பிரைட் காலாவதியாகிவிட்டதால் இன்டர்நெட்டில் சும்மா கிடைக்கிறது.

கப்பலில் ஆரம்பிக்கிறது. சாப்ளின் நமக்கு முதுகைக் காட்டி, கப்பல் விளிம்பில் குனிந்து உடம்பை உலுக்கிக்கொண்டிருக்கிறார். பாவம், வாந்தி என்று நினைக்கிறோம். திரும்பினால் கையில் ஒரு மீன். பிறகு ஆடுகிற கப்பலில் சாப்பாடு, சூதாட்டம். தோற்றவன் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு கிழவியின் பணத்தைத் திருடி வந்து மறுபடி ஆடுகிறான். அதையும் சாப்ளின் ஜெயித்துவிடுகிறார். கிழவியின் மகள் (எட்னா பர்வியன்ஸ்) அழுவதைப் பார்க்கிறார். தான் ஜெயித்தது யார் பணம் என்று தெரியாமலே அதை அவள் பைக்குள் நைசாகத் திணிக்கிறார்.

இந்த இடத்தைத்தான் நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சாதாரண டைரக்டராக இருந்தால் திணித்ததோடு கட். பின்னணியில் வயலின். சாப்ளின் அப்படிச் செய்யவில்லை. கொஞ்சம் யோசித்து, அவள் பைக்குள் மறுபடி கைவிட்டு, சில நோட்டுகளை எண்ணித் திரும்ப எடுத்துக்கொள்கிறார். நாளைக்குக் கரை இறங்கினால் தனக்கும் சாப்பாடு வேண்டுமே. கொடுக்கும்போது யாரும் பார்க்கவில்லை. எடுக்கும்போது அதிகாரி பார்த்துவிடுகிறார். "திருடன்!"

குடியேறப் போகிறவனின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அவன் கையில் இருக்கும் பணத்தின் மேல் எப்போதும் ஒரு சந்தேகம். இல்லாவிட்டால் ஏன் இல்லை; இருந்தால் எங்கிருந்து வந்தது.

சந்தேகம் சட்டத்திலேயே இருக்கிறது. 1882-ல் அமெரிக்கா தலைக்கு 50 சென்ட் குடியேற்ற வரி போட்டது. பிறர் கையை எதிர்பார்த்துப் பொதுச் சுமையாக ஆகிவிடக்கூடியவரை இறக்காதே என்றும் அதே சட்டம் சொன்னது. 1907-ல் வரி 4 டாலர். 1909-ல் எல்லிஸ் தீவின் கமிஷனராக இருந்த வில்லியம் வில்லியம்ஸ், வருகிறவர் கையில் 25 டாலராவது இருக்க வேண்டும் என்றார். இன்றைக்கு அதே கேள்வியை வேறு பாஷையில் கேட்கிறார்கள். ஸ்பான்சரின் வருமானம் அரசாங்கத்தின் வறுமைக் கோட்டுக்கு ஒண்ணேகால் மடங்காவது இருக்கிறதா? நூறு வருஷத்தில் கேள்வி மாறவில்லை. இப்போது தம்பியைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

சாப்ளின் படம் ரிலீஸான வருஷத்தையும் கவனிக்க வேண்டும். 1917 பிப்ரவரியில், ஜனாதிபதி வில்சனின் வீட்டோவைத் தள்ளிவிட்டு, காங்கிரஸ் ஒரு குடியேற்றச் சட்டம் போட்டது. வரி 8 டாலர் ஆயிற்று. படிக்கத் தெரியாதவனுக்கு இடமில்லை. ஆசியாவில் ஒரு பெரிய வட்டாரத்தையே வரைந்து, அங்கிருந்து தொழிலாளர் யாரும் வரக்கூடாது என்றார்கள். இந்தியா அந்த வட்டாரத்துக்குள். நான்கு மாதம் கழித்து, ஜூனில் படம் வெளியாகிறது. அதில் சுதந்திர தேவி சிலை தெரிந்ததும் எல்லோரும் பரவசமாகப் பார்க்கிறார்கள். அடுத்த நிமிஷமே சிப்பந்திகள் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து மாட்டை ஒதுக்குகிற மாதிரி அவர்களைக் கட்டி ஒதுக்குகிறார்கள். சாப்ளின் ஒருதரம் சிலையைப் பார்க்கிறார், ஒருதரம் கயிற்றைப் பார்க்கிறார். பிறகு அதிகாரிக்கு ஓர் உதை கொடுக்கிறார். தியேட்டரில் கைதட்டல் வாங்கியிருக்கும். எனக்கென்னவோ அந்த உதை வேண்டியிருக்கவில்லை. கயிறே போதும்.

அப்புறம்தான் ஓட்டல். தெருவில் ஒரு காசு கிடைக்கிறது. பேண்ட் பையில் ஓட்டை இருப்பது தெரியாமல் போட்டுக்கொண்டு உள்ளே போகிறார். அவித்த பீன்ஸ். எட்னாவும் அங்கே இருக்கிறாள். அவள் கைக்குட்டையில் கறுப்புக் கரை. தாயார் போய்விட்டாள் என்பதற்கு அது மட்டும்தான். டைட்டில் கார்டு கிடையாது. இதற்குள் பக்கத்து மேஜை ஆசாமியை வெயிட்டர்கள் கும்பலாகச் சேர்ந்து நொறுக்கி வெளியே எறிகிறார்கள். என்ன செய்தான் என்று கேட்டால், பில்லில் பத்து சென்ட் குறைந்ததாம். சாப்ளின் தன் பையைத் தடவுகிறார். ஓட்டை.

வெயிட்டர் தவறவிட்ட ஒரு காசை மெல்லக் காலால் மூடி, எடுத்து, கம்பீரமாகக் கொடுக்கிறார். வெயிட்டர் அதைக் கடித்தால் வளைகிறது. செல்லாத காசு! பிறகு ஓர் ஓவியர் வந்து, இவர்கள் இருவரையும் மாடலாக வைத்துக்கொள்கிறேன் என்கிறார், பில்லையும் தானே தருவதாகச் சொல்கிறார். சாப்ளின் மரியாதைக்காக "வேண்டாம், நான் கொடுக்கிறேன்" என்கிறார். நம் ஊர் ஓட்டல்களில் தினம் நடக்கிற அதே நாடகம். ஓவியர் மூன்றாம் தடவை "சரி, உங்கள் இஷ்டம்" என்று விட்டுவிடுகிறார். அந்த நேரத்தில் சாப்ளின் முகம்! கடைசியில் ஓவியர் தன் பில்லுக்கு வைத்துவிட்டுப் போகும் டிப்ஸை நகர்த்தித் தன் பில்லை அடைக்கிறார். வெயிட்டர், டிப்ஸ் வைக்காத அந்தக் கஞ்சனை மனசுக்குள் திட்டுகிறான்.

படம் இரண்டு துண்டாக இருக்கிறது, கப்பலுக்கும் ஓட்டலுக்கும் சம்பந்தம் போதாது என்று குறை சொல்லலாம். நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். 1983-ல் கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் 'அன்னோன் சாப்ளின்' என்று ஒரு டெலிவிஷன் டாக்குமென்டரி எடுத்தார்கள். சாப்ளின் கழித்துப்போட்ட துண்டுகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்தது. அதில் ஒரு விஷயம் தெரிகிறது. அவர் முதலில் ஆரம்பித்தது ஓட்டலைத்தான். குடியேற்றம் என்ற எண்ணமே அப்போது இல்லை. இந்த இரண்டு பேரும் எங்கிருந்து வந்தார்கள், ஏன் கையில் காசில்லை என்று யோசித்துக்கொண்டே பின்னோக்கிப் போய்க் கப்பலைக் கண்டுபிடித்திருக்கிறார். அதாவது பில்தான் முதலில். அதற்கு விளக்கம்தான் அட்லான்டிக் சமுத்திரம். இது தெரிந்தபின் என் குறையை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மற்றவர்கள் இந்த விஷயத்தை எடுத்தபோது கப்பலிலும் சிலையிலுமே மயங்கிவிட்டார்கள். 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் சிறுவன் விட்டோவின் பெயரை எல்லிஸ் தீவு அதிகாரி மாற்றி எழுதிவிடுகிறார். அழகான காட்சி. ஆனால் பட்டியல் கப்பல் புறப்பட்ட ஊரிலேயே எழுதப்பட்டுவிடும். தீவு அதிகாரிகள் அதை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். பெயர் அங்கே மாறியது என்பது பெரும்பாலும் குடும்பங்களில் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதை. 2006-ல் வந்த கிரியலேஸியின் 'நுவோவோமோன்டோ' இத்தாலியப் படம். புத்தியைப் பரீட்சிக்க மரத்துண்டுகளை அடுக்கச் சொல்லும் காட்சி நிஜமாகவே சுடுகிறது. ஆனால் கடைசியில் எல்லோரையும் பால் ஆற்றில் நீந்த விட்டுவிடுகிறார். அதே வருஷம் ஷான் டான் என்ற ஆஸ்திரேலியர் போட்ட 'தி அரைவல்' வார்த்தையே இல்லாத படப் புத்தகம். கோட்டில் ஒட்டிய சீட்டுகளைப் படிக்கத் தெரியாமல் நிற்பவனின் திகைப்பை அதைவிட நன்றாக வரைய முடியாது. இவற்றில் எதிலும் யாரும் உட்கார்ந்து காசை எண்ணுவதாக நினைவில்லை. விதிவிலக்கு எலியா கசான். 1963-ல் எடுத்த 'அமெரிக்கா அமெரிக்கா' மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பெரும்பகுதி கப்பல் கட்டணத்தைச் சேர்ப்பதற்கே போகிறது. நீளம்தான். ஆனால் நம்ப முடிகிறது.

சாப்ளின் மேல் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே புகார், கயிறு அவிழ்ந்த பிறகு என்ன நடந்தது என்று காட்டாததுதான். டாக்டர் கண்ணிமையைப் புரட்டியது, ரிஜிஸ்தரில் பெயரைத் தேடியது, எதுவும் இல்லை. 8 டாலர் வரி படத்தில் வர வழியில்லை. அதைக் கட்டியது கப்பல் கம்பெனி, அதனால் டிக்கெட் விலைக்குள் கரைந்துவிடும். பயணிக்குத் தான் வரி கட்டியதே தெரியாது. அக்காவுக்கு டாலர் கணக்கில் ரசீதே வந்துவிட்டது. இதை முன்னேற்றம் என்று சொல்லலாமா, தெரியவில்லை.

சாப்ளின் நாற்பது வருஷம் அங்கே இருந்தும் குடியுரிமை வாங்கிக்கொள்ளவில்லை. 1952 செப்டம்பரில் 'லைம்லைட்' ரிலீஸுக்காக லண்டனுக்குக் கப்பல் ஏறினார். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே அவருடைய மறுநுழைவு அனுமதியை அட்டர்னி ஜெனரல் ரத்து செய்துவிட்டார். திரும்பி வர வேண்டுமானால் விசாரணைக்கு உட்பட வேண்டும். அவர் போகவில்லை. 1972-ல் கௌரவ ஆஸ்கர் வாங்கத்தான் மறுபடி அந்தக் கரையில் இறங்கினார். அப்போது எண்பத்திரண்டு வயது.

'தி இமிக்ரன்ட்' மழையில் முடிகிறது. கல்யாண லைசென்ஸ் ஆபீஸ் வாசல். எட்னா வெட்கப்படுகிறாள், சாப்ளின் அவளை அலாக்காகத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார். லைசென்ஸுக்கும் ஏதாவது ஃபீஸ் இருந்திருக்கும். நல்ல வேளை, ஓட்டலை விட்டு வெளியே வந்ததுமே ஓவியரிடம் சில டாலர் அட்வான்ஸ் வாங்கி வைத்திருந்தார்.