ஆட்டுரல், டிரெட்மில், நிறுத்தும் உரிமை

"அந்தக் காலத்துப் பெண்கள் அம்மி அரைத்தார்கள், ஆட்டுரலில் மாவாட்டினார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள். அதனால் அவர்களுக்கு ஜிம் தேவைப்படவில்லை. எல்லாம் சுகப்பிரசவம்." இதைக் கேட்காமல் ஒரு மாதத்தைக் கடந்த தமிழ்ப் பெண் யாராவது இருக்கிறாரா? காலைத் தொலைக்காட்சியில் மருத்துவர் சொல்கிறார். பட்டிமன்ற மேடையில் பேச்சாளர் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்புகிறார். அடுத்த நிமிடமே அதே தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வருகிறது. வீட்டிலேயே ஓடலாம், வெயில் இல்லை, தூசி இல்லை, தவணையில் வாங்கலாம்.

ஒருவர் இயந்திரத்தைப் பழிக்கிறார், மற்றவர் விற்கிறார். பார்ப்பதற்கு இரு அணிகள் போலத் தோன்றும். ஆனால் பெண் தன் உடல்நலத்துக்காக வாசலைத் தாண்ட வேண்டியதில்லை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. வீட்டு வேலையா, டிரெட்மில்லா என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்கப்படாமல் போகிற கேள்விகளைத்தான் இங்கே கேட்க நினைக்கிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை. நாற்பத்தோராம் வயதில் எனக்கு ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த மாதமே கணவர் அக்கறையோடு ஒரு டிரெட்மில் வாங்கிவந்தார். பின்கட்டு அறையில் சன்னலோரம் போட்டோம். மூன்று மாதத்தில் அதன் கைப்பிடியில் சேலைகள் காய ஆரம்பித்தன. "துணி காயப்போட இவ்வளவு விலையில் கொடி வாங்கினவங்க நாமதான்" என்பது எங்கள் வீட்டில் நிரந்தர நகைச்சுவை. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. சோம்பேறி என்று என்னை நானே திட்டிக்கொண்டும் இருந்தேன்.

ஒருநாள் உட்கார்ந்து யோசித்தேன். நான் ஏறிய ஒவ்வொரு காலையும் எப்படி முடிந்தது? ஏழாவது நிமிடம் குக்கர் விசில். பத்தாவது நிமிடம் "அம்மா, என் சாக்ஸ் எங்க?" பன்னிரண்டாவது நிமிடம் பால்காரர் மணி. மூன்றுக்கும் இறங்கியவள் நான். கணவர் ஏறும் நாள்களில் அதே குக்கர், அதே சாக்ஸ், அதே மணிதான். ஆனால் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. "அப்பா எக்சர்சைஸ் பண்றாங்க, சத்தம் போடாதே" என்று பிள்ளையை அதட்டியதும் நான்தான். வீட்டுக்குள் வந்த இயந்திரம் ஒன்று. அதன்மேல் நிற்கும் உடலுக்குக் கிடைத்த மரியாதை இரண்டு.

அப்படியானால் வீட்டு வேலையே போதும் என்பவர்கள் சொல்வது சரிதானா? உடலியல் அளவில் அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் செய்ய வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் வீட்டு வேலைக்கும் இடம் உண்டு. துடைப்பமும் நடைப்பயிற்சியும் தசைக்கு ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் உடல் என்பது தசை மட்டுந்தானா?

டிரெட்மில்லின் முன்கதையே இதற்குப் பதில் சொல்கிறது. 1818இல் இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் கியூபிட் சிறைக் கைதிகளுக்காகச் சுழலும் படிச்சக்கரம் ஒன்றை வடிவமைத்தார். கைதிகள் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறி எங்கும் போய்ச் சேர முடியாது. சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, சிலவற்றில் வெறுமனே சுற்றியது. அதற்கும் டிரெட்மில் என்றுதான் பெயர். 1898ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்துக்குப் பிறகே அது வழக்கொழிந்தது. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு. வட்டமாக நடப்பது காலுக்கும் இதயத்துக்கும் நல்லது என்று அந்தச் செக்கைப் பற்றி யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வரும். வர வேண்டும். ஓர் அசைவு தண்டனையா, உழைப்பா, பயிற்சியா என்பதை அசைவு தீர்மானிப்பதில்லை. வேண்டாம் என்றபோது நிறுத்த முடிகிறதா என்பதே தீர்மானிக்கிறது.

இந்தக் கேள்வியோடு ஆட்டுரலிடம் போகிறேன். இங்கே என்மேலேயே எனக்கு ஒரு வழக்கு உண்டு.

என் முதல் கவிதைத் தொகுப்பில் அம்மாவின் ஆட்டுரலைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். குழவி சுற்றும் ஓசை, மாவின் வெண்மை, அம்மாவின் வளையல் என்று நன்றாகவே வந்திருந்தது. பலர் பாராட்டினார்கள். ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு. என் தோள்பட்டை நோவு அதுல இல்லியே."

இல்லைதான். எட்டுப் பேர் கொண்ட வீட்டில் தினமும் இரவு ஒரு கையால் குழவி சுற்றி, மறுகையால் மாவு தள்ளிய உடல் அவளுடையது. என்னைப் பெற்ற நாற்பதாம் நாளில் குடம் தூக்கியவள். கர்ப்பப்பை இறங்கியதை எட்டு வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தவள். பிரசவத்துக்குப் பின் உடல் தேறும் முன்பே பாரம் தூக்குவது இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் என்பது இன்று எந்த மகப்பேறு மருத்துவரும் சொல்வது. சுகப்பிரசவக் கதை சொல்பவர்கள் இந்த மிச்சக் கதையைச் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் பிரசவத்திலேயே இறந்துபோன பெண்கள் பட்டிமன்றத்துக்கு வந்து எதிரணியில் பேசவும் முடியாது.

உழைப்பை அழகாக்குவது தமிழ்க் கவிதைக்குப் பழைய பழக்கம். நான் வகுப்பில் நடத்தும் குறிஞ்சிக்கலியில் தலைவியும் தோழியும் வள்ளை பாடிக்கொண்டே தானியம் குற்றுகிறார்கள். உரல் சந்தன மரம், உலக்கை யானைத் தந்தம். குற்றுவது ஒரு சாக்கு, தலைவனைப் பற்றிப் பேசுவதுதான் நோக்கம். சிலப்பதிகார வாழ்த்துக்காதையில் அம்மானை, பந்து, ஊசல் ஆகிய மகளிர் விளையாட்டுகளின் வரிசையிலேயே வள்ளைப் பாட்டும் வருகிறது. இந்தப் பாட்டுகளை நான் நேசிக்கிறேன். பெண்கள் கூடிப் பேச அந்த உரல்களங்கள் இடம் கொடுத்தன என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் குற்றுதலை விளையாட்டின் வரிசையில் வைக்கும் கண்ணுக்கும், மாவாட்டுவதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கும் கண்ணுக்கும் உறவு இருக்கிறது. இரண்டும் வேலையை வேலை என்று சொல்லாமல் நகர்ந்துவிடுகின்றன. என் கவிதையும் அந்த மரபில்தான் நின்றது.

வேலையை வேலை என்று சொன்னால் அதற்கு நேரக்கணக்கு உண்டு. இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். வீட்டு வேலைதான் சிறந்த உடற்பயிற்சி என்றால் இந்த மருந்தை ஆண்களுக்குத்தானே முதலில் எழுதிக்கொடுக்க வேண்டும்? எந்தச் சித்தப்பாவும் மருமகனுக்குத் துடைப்பத்தைப் பரிந்துரைத்து நான் பார்த்ததில்லை. "நீ செய்வதே பயிற்சி" என்று ஒரு பெண்ணிடம் சொல்வதன் நடைமுறைப் பொருள், உனக்கென்று தனியாக அரைமணி நேரம் எதற்கு என்பதே.

இந்த வாதத்துக்கு அறிவியல் முகமும் உண்டு. அலியா கிரம், எலன் லாங்கர் என்ற உளவியலாளர்கள் 2007இல் அமெரிக்காவில் ஏழு விடுதிகளின் அறைகளைச் சுத்தம் செய்யும் 84 பெண்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், நீங்கள் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சி என்று விளக்கினார்கள். நான்கு வாரத்தில் அவர்களின் எடையும் ரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்தன. மனத்தின் வலிமைக்குச் சான்றாக இதைப் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். முடிவுகளைப் பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். நாளுக்குச் சுமார் 15 அறைகளைச் சுத்தம் செய்த பெண்கள் அவர்கள். அறைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால், ஓய்வு நேரத்தைக் கூட்டினால், கூலியை உயர்த்தினால் ரத்த அழுத்தம் என்ன ஆகும் என்பது அந்த ஆய்வின் கேள்வியாக இருக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். எங்கள் டிரெட்மில்லின் தூசியைத் துடைப்பதும் அவர்தான். "ஏன் டீச்சர், எம்புட்டு நடந்தாலும் எங்கயும் போய்ச் சேராதா இது?" என்று முதல்நாள் கேட்டார். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வீக்கம் இருக்கிறது. வேலையே பயிற்சி என்றால் எங்கள் தெருவில் மிகச் சிறந்த உடல்நலம் அவருக்குத்தான் இருந்திருக்க வேண்டும். டென்மார்க்கின் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் போன்ற ஆய்வாளர்கள் இதை உடலியக்க முரண் என்கிறார்கள். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் இயக்கம் உடலைத் தேற்றுகிறது. போதிய இளைப்பாறல் இல்லாமல் மணிக்கணக்கில் நீளும் உழைப்பு அப்படித் தேற்றுவதில்லை. என் காலை நேரத்தை விடுவித்துக் கொடுப்பது அந்த அக்காவின் முழங்கால் என்பதையும் இந்த இடத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். டிரெட்மில் வாங்கிய வருடம் அவர் சம்பளத்தை நாங்கள் உயர்த்தவில்லை.

சென்ற பருவத்தில் முதுகலை மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். கடைசியாக எப்போது ஓடினீர்கள்? பேருந்தைப் பிடிக்க ஓடியதைப் பலர் சொன்னார்கள். பேருந்தைத் தவிர்த்துச் சொல்லுங்கள் என்றதும் வகுப்பு அமைதியானது. ஒரு பெண் எழுந்து, "ஏழாம் வகுப்பு, மேடம். அப்புறம் வயசுக்கு வந்துட்டேன்" என்றாள். அன்று நாங்கள் படித்துக்கொண்டிருந்த துறை இற்செறிப்பு. மணலில் ஓரையாடித் திரிந்த பெண் பருவமெய்தியதும் வீட்டுக்குள் நிறுத்தப்படுவதற்கு நம் இலக்கணம் வைத்திருக்கும் பெயர் அது. தேர்வுக்கு விளக்கம் எழுதும் சொல்லாக அதை நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் பதிலுக்குப் பிறகு அப்படி நடத்த முடியவில்லை.

மிக்சியும் கிரைண்டரும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2011இல் தமிழக அரசு அவற்றை விலையில்லாமல் கொடுத்தபோது பெண்களைச் சோம்பேறியாக்குகிறார்கள் என்று பேசியவர்களில் ஒருவரும் ஆட்டுரலின் முன் உட்கார்ந்தவர் இல்லை. டிரெட்மில்மேலும் எனக்குப் பகை இல்லை. இரவுப் பணி முடித்து வருபவளுக்கும், தெருவில் நடந்தால் பின்தொடரப்படுபவளுக்கும் அது ஒரு வழி. ஆனால் அந்த வழி தெருவைச் சரிசெய்துவிடாது. கிரைண்டர் மிச்சப்படுத்திய ஒரு மணி நேரம் யாருக்குப் போனது, காலை ஆறு மணிக்கு ஒரு பெண் தனியாக நடக்கத் தெரு எப்படி இருக்க வேண்டும், மாணவிகள் ஓட மைதானம் எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பவற்றை நாம் கேட்டாக வேண்டும். நான் இப்போது காலையில் வெளியே நடக்கிறேன். அந்த நாற்பது நிமிடத்தில் சாக்ஸ் தானே தேடப்படுகிறது, பாலும் வாங்கிவைக்கப்படுகிறது.

அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு. உறைந்துபோன தோளுக்கு இயன்முறை மருத்துவர் பயிற்சி கொடுத்திருக்கிறார். சுவரில் விரல்களால் மெல்ல மேலே ஏற வேண்டும், பத்து முறை. போன வாரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாய்விட்டு எண்ணினாள். பத்து வந்ததும் கையை இறக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "இன்னும் ரெண்டு தடவை செய்யேன்மா" என்றேன்.

"பத்துன்னுதான் சொல்லியிருக்காங்க" என்றாள். "முப்பது வருசம் மாவாட்டினேன், இத்தனைதான்னு ஒருத்தரும் சொல்லல."